தாலாட்டு டிரைவரும் இரண்டு டப்பா மாத்திரையும்

அந்தத் தடத்தில் எத்தனையோ பேருந்துகள் ஓடினாலும், காலை ஐந்தே முக்கால் வண்டிக்கென்று ஒரு தனிக் கூட்டம் உண்டு. பிள்ளை உண்டானவர்கள், இடுப்பில் பட்டை கட்டியவர்கள், முட்டை அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு போகிற கடைக்காரர், இரவு வேலை முடிந்து கண் சொக்கிப் போகிற நர்சுகள். முன்னால் வேறொரு வண்டி காலியாக வந்து நின்றாலும் ஏறமாட்டார்கள். "தாலாட்டு வரட்டும்" என்று நிற்பார்கள்.

தாலாட்டு என்பது அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு ஜனங்கள் வைத்த பெயர். அவர் பிரேக் போட்டால் போட்டதே தெரியாது. வளைவில் திரும்பினால் தூங்குகிறவர் தலை பக்கத்துத் தோளில் சாயாது. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. இன்னொரு குணமும் உண்டு. ஷிப்ட் முடிந்து வண்டியை விடும்போது, அன்றைக்கு வண்டியில் கண்ட குறை எதுவானாலும் பழுது நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் இறங்குவார். வைப்பர் லேசாக இழுக்கிறது, மூன்றாவது கியர் முரண்டு பிடிக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதுவார். "அடுத்து ஏறப்போறவன் நம்மள நம்பித்தானே ஏறுறான்" என்பார்.

அவர் வண்டியின் கண்டக்டர் விசில். ஊதுகிற விசிலைத் தொலைத்துவிட்டு, இரண்டு விரலை நாக்கடியில் கொடுத்து ஒரு நாள் சமாளித்தார். அதுவே நிலைத்துவிட்டது. விசிலுடைய உடன்பிறந்த அக்காதான் தாலாட்டின் மனைவி. உறவு முதலா, வண்டி முதலா என்றால் வண்டிதான் முதல். ஒரு மழை நாளில் விசிலின் வீட்டு வாசலுக்கு நேராக வண்டி படுத்துவிட்டது. தொப்பலாக நனைந்து நின்ற டிரைவரைக் கையோடு வீட்டுக்குள் கூட்டிப் போனார் விசில். அக்கா துண்டு கொண்டுவந்தாள். கால்சட்டை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறவள், கண் நேராக அவர் கால்சட்டை மடிப்புக்குத்தான் போயிற்று. "தையல் பிரிஞ்சிருக்கு, கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தரேன்" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் எதைக் கழற்றச் சொன்னோம் என்று உறைத்தது. அடுக்களைக்குள் ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீடே சிரித்தது. ஒன்பது மாதத்தில் கல்யாணம்.

அன்றிலிருந்து மாமனும் மச்சானும் எதையும் தனியாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரு டீ வாங்கினால் இரண்டு தம்ளர். ஒரு வாழைப்பழம் என்றால் நடுவில் ஒரு முறி. பேப்பரில் முன்பக்கம் ஒருவருக்கு, பின்பக்கம் ஒருவருக்கு. கடைசிப் பிஸ்கட்டை உடைக்கும்போது ஒரு துண்டு பெரிதாகிவிட்டால், பெரிய துண்டை யார் தின்பது என்பதற்கே அரை மணி வழக்கு நடக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் தாலாட்டுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் வயிறு அதன் பிறகு அவர் சொன்னபடி கேட்கவில்லை. வீட்டில் இருந்தால் சாதுவாக இருக்கும். வண்டி பாலம் ஏறினால் போதும், பிசைய ஆரம்பிக்கும். முனையிலிருந்து முனைக்கு ஒரு மணி நேர ஓட்டம். நடுவே இறங்க நேரமில்லை. பின்னால் நாற்பது பேர்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். டாக்டர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புண் இல்ல, கட்டி இல்ல. உங்க குடலுக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றார். மாத்திரை கொடுத்தார். ஒன்றும் பெரிதாக மாறவில்லை.

இரண்டு தடவை, நாற்பது பேரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு பெட்ரோல் பங்க்குக்கு ஓடினார். இரண்டாம் தடவை ஒருவர் புகார் எழுதிப் போட்டுவிட்டார். டிப்போ மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனாலும் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவ இப்படி நடந்தா வண்டிய விட்டு எறக்கி ஷெட்டுக்குள்ள வண்டி கழுவுற எடத்துல போட்டுடுவேன். எனக்கும் வேற வழி இல்ல."

ஷெட் என்றால் ஜன்னலில்லாத நீளக் கொட்டகை. அங்கே மச்சானும் கிடையாது, முட்டைக்கடைக்காரரும் கிடையாது. தாலாட்டு சாப்பிடுவதை நிறுத்தினார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும் வரை டீ மட்டும். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே வர ஒன்றும் இருக்காது என்பது அவர் கணக்கு. மனைவி கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டை விசில் தின்றார். தின்றுவிட்டுத் திட்டினார். "உங்க அக்கா காதுக்கு மட்டும் போகக் கூடாது" என்று தாலாட்டு கையைப் பிடித்துச் சொல்லியிருந்ததால், திட்டு வண்டியோடு நின்றது.

இப்படி இருக்கையில்தான் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்ததை விசில் பார்த்தார். குடலுக்கு நல்லது செய்கிற கிருமிகளை மாத்திரையாக அடைத்து ஒரு நிறுவனம் செய்திருக்கிறதாம். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க வயிற்றுத் தொல்லை இருக்கிறவர்கள் வேண்டுமாம். எங்கும் போக வேண்டாம். மாத்திரை தபாலில் வரும். பன்னிரண்டு வாரம். தினமும் சாயங்காலம் செல்போனில் கேள்வி வரும், பதில் அமுக்கினால் போதும்.

"நானும் சேர்றேன் மாமா. எனக்கும்தான் சாப்ட்டா பலூன் மாதிரி ஊதுது" என்றார் விசில்.

"என் சாப்பாட்டையும் சேத்துத் தின்னா ஊதாம என்ன பண்ணும்?"

இருவரும் சேர்ந்தார்கள். ஒரு அம்மாள் போனில் பேசினாள். அவளுக்குக் கேள்விக்காரம்மா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பொறுமையான குரல். "சில டப்பாவுல நிஜ மாத்திரை இருக்கும், சில டப்பாவுல வெறும் மாவு. பாக்குறதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. முடிவுலதான் பிரிச்சுப் பாப்போம். தினமும் காலையில சாப்பாட்டோட ஒண்ணு. முக்கியமா, அடுத்தவங்களுக்குக் குடுக்காதீங்க, அடுத்தவங்களோடத வாங்கிச் சாப்பிடாதீங்க" என்றாள். இருவரும் சரி சரி என்றார்கள்.

டப்பாக்கள் டிப்போ விலாசத்துக்கு வந்தன. தாலாட்டுதான் வீட்டுக்கு வேண்டாம் என்று அப்படிக் கொடுத்திருந்தார். கடைசி நிறுத்தத்தில் ஜனங்கள் இறங்கிய பிறகு, பின் சீட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டு மாமனும் மச்சானும் வெகுநேரம் பார்த்தார்கள். இரண்டும் ஒரே வெள்ளை. மூடியில் எண் மட்டும் வேறு.

"இதுல ஒண்ணு நிஜம், ஒண்ணு மாவு" என்றார் விசில்.

"ஆமா."

"நிஜம் எனக்கு வந்து, மாவு உங்களுக்கு வந்திருந்தா?"

"உனக்காவது நல்லாகட்டும்டா."

"அதெல்லாம் வேலைக்காகாது மாமா. என் வயித்துக்கு என்ன அவசரம்? வேலை போற வயிறு உங்களோடது. அப்ப என் டப்பாவ நீங்க எடுத்துக்குங்க."

"உன்னோடது மாவா இருந்தா?"

விசில் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து சீட்டில் விரித்தார். இரண்டு டப்பாவையும் அதில் கவிழ்த்தார். இரண்டு கையாலும் நன்றாகக் கலந்தார். ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு என்று பிரித்து இரண்டு டப்பாவிலும் திரும்பப் போட்டார். "இப்ப எது எப்படி இருந்தாலும் ஆளுக்குப் பாதி நிஜம். தீந்துச்சு."

"அடுத்தவங்களோடத சாப்பிடக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்களே?"

"மாமன் மச்சான் எப்படி மாமா அடுத்தவங்களாவோம்?"

இது தாலாட்டுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

சாப்பாட்டோடுதான் மாத்திரை என்று சொல்லிவிட்டதால், தாலாட்டு பயந்து பயந்து நாலு வாய் சாப்பிட ஆரம்பித்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு செல்போன் டிங் என்று கூப்பிடும். மொட்டைமாடிக்குப் போய்விடுவார். இன்று எத்தனை முறை போனீர்கள், எத்தனை மணிக்கு, அவசரமாக ஓட வேண்டியிருந்ததா, எந்த இடத்தில், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேள்வி வரிசையாக வரும். இதோடு ஏழு படங்கள். போனது எந்தப் படம் மாதிரி இருந்தது என்று தொட வேண்டும். முதல் நாள் அந்தப் படங்களைப் பார்த்து செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மச்சானைக் கூப்பிட்டார்.

"என்னடா இது, கர்மம், படமெல்லாம் போட்டிருக்கான்?"

"நான் நாலாம் நம்பர் மாமா. நீங்க?"

"வைடா போன!"

ஆனால் ஒரு வாரம் போன பிறகு அந்த ஏழு மணிக்காக அவர் காத்திருக்க ஆரம்பித்தார் என்பதுதான் உண்மை. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்ததை, அந்தச் செல்போன் முகம் சுளிக்காமல் கேட்டது. ஓட வேண்டியிருந்ததா? ஆம். எவ்வளவு பயமாக இருந்தது? பத்துக்கு எட்டு. அமுக்கி முடித்துவிட்டு இறங்கும்போது தோள் லேசாக இருக்கும்.

வயிறும் மெல்ல அடங்கியது. வாரத்துக்கு நாலு நாள் பிசைந்தது இரண்டு நாளாயிற்று, பிறகு ஒரு நாளாயிற்று. பாலம் ஏறும்போது ஒருநாள் மெதுவாகப் பாட்டு முணுமுணுத்தார். விசில் பின்னாலிருந்து இரண்டு விரலையும் வாயில் வைத்து ஊதின ஊதில், பாதி நர்சுகள் தங்கள் நிறுத்தம் வந்துவிட்டது என்று எழுந்துவிட்டார்கள்.

ஐம்பதாவது நாள் சாயங்காலம் வழக்கமான கேள்விகளின் கடைசியில் புதிதாக ஒன்று வந்தது. உங்கள் மாத்திரையை வேறு யாராவது சாப்பிட்டார்களா? வேறு யாருடைய மாத்திரையையாவது நீங்கள் சாப்பிட்டீர்களா? ஆம். இல்லை.

தாலாட்டின் விரல் நின்றுவிட்டது. மச்சானைக் கூப்பிட்டார்.

"கேள்வி பாத்தியாடா?"

"பாத்தேன், இல்லைன்னு அமுக்கிட்டேன். நீங்களும் அமுக்கிடுங்க."

"எப்படிடா?"

"எப்படின்னா? கட்ட வெரலாலதான்."

"வெளையாடாத. நம்ம சொல்றத வெச்சுத்தானே அவங்க எழுதுவாங்க? பாதி மாவத் தின்னுட்டு முழு மாத்திரை தின்னேன்னு சொன்னா, நாளைக்கு அத நம்பி எவனோ ஒருத்தன் வாங்கிச் சாப்பிடுவானே?"

"ஆம்னு அமுக்கினா நம்ம ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. மாத்திரை நின்னுடும். நின்னா என்னாகும்னு உங்களுக்குத் தெரியும்ல? ஷெட்டு மாமா, ஷெட்டு!"

போனை வைத்த பிறகும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷத்தில் குறையை எழுதாமல் அவர் ஒரு வண்டியையும் அடுத்தவன் கையில் கொடுத்ததில்லை. இப்போது இல்லை என்று அமுக்கினால் அதுதான் முதல் தடவை. ஆம் என்று அமுக்கினால் வண்டியே இருக்காது.

காய்ந்த துணி எடுக்க மனைவி மாடிக்கு வந்தாள். "தினமும் ஏழு மணிக்கு இங்க வந்து யாரோட குசுகுசுன்னு பேசறீங்க? இந்த வயசுலயா?" என்று சிரித்தபடி கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. செல்போனை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் துணிமூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். ஏழு படங்களையும் பார்த்தாள்.

"உங்கிட்ட சொல்லணும்னுதான்..." என்று ஆரம்பித்தார். "மூணு வருஷமா எனக்கு..."

"தெரியும்" என்றாள்.

"தம்பி சொன்னானா?"

"அவன் எங்க சொன்னான், கல்லுளிமங்கன். துவைக்கிறவளுக்குத் தெரியாதாங்க? ரெண்டு தடவ உங்க கால்சட்டை இடுப்பப் புடிச்சேனே, எதுக்குப் புடிக்கிறேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? சாப்பாட்டுப் பையில அடியில ஒரு கால்சட்டை மடிச்சு வெக்கிறேனே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"மழைக்குன்னு நெனச்சேன்."

"மூணு வருஷமா மழையா பேஞ்சுது?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நானா கேட்டா உங்களுக்கு இன்னும் கூசிப்போகும்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு அவர் மாத்திரையைக் கலந்த கதையைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு டப்பாவுமே மாவா இருந்தா?"

தாலாட்டு விழித்தார். மாமனுக்கும் மச்சானுக்கும் ஐம்பது நாளாக இது தோன்றவே இல்லை.

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆம்னு அமுக்குங்க. நீங்க எழுதாம எறங்குற ஆளு இல்ல. இன்னிக்கு இல்லைன்னு அமுக்கிட்டா அதுவே உங்க வயித்துல கெடந்து பெசையும்" என்றாள். அவர் அமுக்கினார். கையோடு மச்சானுக்கும் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி விடுங்க. நானும் அந்தம்மாகிட்ட சொல்லிடறேன்."

மறுநாள் கேள்விக்காரம்மா கூப்பிட்டாள். திட்டவில்லை. துண்டில் கொட்டிக் கலந்த இடம் வந்தபோது மட்டும் இரண்டு தடவை இருமினாள், சிரிப்பை அடக்கின இருமல். "நெஜத்தைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. உங்க ரெண்டு பேர் பதிலையும் இதுல சேக்க முடியாது. மாத்திரைய நிறுத்திட்டுத் திருப்பி அனுப்பிடுங்க. நீங்க குடுத்த பதிலெல்லாம் உங்க போன்லயே இருக்கும், அது உங்களோடது" என்றாள்.

மாத்திரை இல்லாத முதல் வாரம் தாலாட்டுக்குப் பழைய பயம் திரும்பியது. புதன்கிழமை பாலத்தில் வியர்த்துக் கொட்டியது. எப்படியோ பல்லைக் கடித்துக் கரை சேர்த்தார். அன்று சாயங்காலம் மனைவி அந்தச் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டாள். ஐம்பது நாள் பதிலையும் அது கட்டம் கட்டிக் காட்டியது. துணியில் கோணலைப் பார்க்கிற கண் அவளுக்கு.

"இங்க பாருங்க. வீட்டுல இருக்கிற நாள்ல ஒண்ணுமே இல்ல. மொத நடையிலயும் இல்ல. எல்லாம் ரெண்டாவது நடைதான், பத்து மணிக்கு மேல, மார்க்கெட்டத் தாண்டி பாலம் ஏறும்போது. ரெண்டு வாயோட நிறுத்தின நாள்லதான் அதிகம். நல்லா சாப்பிட்ட நாள்ல கொறைச்சல். இத உங்க மேனேஜர்கிட்ட காட்டுங்க."

"அவர்கிட்டயா? இந்தப் படத்தையெல்லாமா?"

"படத்த வேணாம். கட்டத்த மட்டும் காட்டுங்க."

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் மேனேஜர் அறை வாசலில் தாலாட்டு பத்து நிமிஷம் நின்றார். கடைசியில் விசில்தான் பின்னாலிருந்து தள்ளினார். மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டங்களைப் பார்த்தார். "இதெல்லாம் நீங்களா எழுதினீங்க?" என்று கேட்டார். "தினமும் எழுதினேன் சார். வண்டிக்குப் பழுது நோட்டு எழுதற மாதிரி" என்றார் தாலாட்டு. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் மூலம் இருக்குய்யா. உக்காந்து வேல பாக்குறவன் கஷ்டம் எனக்குத் தெரியாதா" என்றார். இரண்டாவது நடைக்கு மார்க்கெட் நிறுத்தத்தில் நாலு நிமிஷம் நிற்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அங்கே நேரக்காப்பாளர் அறைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது.

முதல் நாள் நாலு நிமிஷம் நின்றபோது ஜனங்கள் முணுமுணுத்தார்கள். "என்னப்பா, டிரைவர் தூங்கிட்டாரா?" என்றது ஒரு குரல். "அவர் தூங்கினா நீங்கல்லாம் எப்படித் தூங்குறது? உக்காருங்க" என்றார் விசில். அந்த வாரம் தாலாட்டு மூன்று நாள் இறங்கினார். அடுத்த வாரம் ஒரு நாள். அதன் பிறகு பெரும்பாலும் இறங்குவதே இல்லை. இறங்கலாம் என்று இருந்தாலே வயிறு சமாதானமாகிவிட்டது. அந்த நாலு நிமிஷத்தில் மாமனும் மச்சானும் மனைவி கட்டிக் கொடுத்ததை ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்கள்.

ஆராய்ச்சி முடிந்து கேள்விக்காரம்மா கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டு டப்பாவுமே மாவுதானாம்.

"அப்ப எனக்கு எப்படிம்மா கொறஞ்சுது?" என்று கேட்டார் தாலாட்டு.

"ஒருத்தர வெச்சு அப்படிச் சொல்லிட முடியாதுங்க. நேரத்துக்குச் சாப்பிட்டதா இருக்கலாம். தானா அடங்கினதா இருக்கலாம். எனக்குத் தெரியலங்க" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வருஷம் அதே ஆஸ்பத்திரிச் சுவரில் அதே மாதிரி இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. அதில் விதிகளின் கடைசியில் புதிதாக ஒரு வரி: உறவினரோ உடன் வேலை செய்பவரோ இதில் சேர்ந்திருந்தால், இருவர் மாத்திரைகளையும் கலந்து பங்கிட்டுக்கொள்ள வேண்டாம். விசில் அதைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "இந்த வரி எங்களுக்குன்னே போட்டதுங்க. எனக்கும் எங்க மாமாவுக்கும்."

அதற்குச் சில நாள் கழித்து, மார்க்கெட் நிறுத்தத்தில் தாலாட்டு சாப்பாட்டுப் பையைத் திறந்தார். வழக்கம்போல் அடியில் கை போயிற்று. மடித்து வைத்த கால்சட்டை அங்கே இல்லை. நன்றாகத் துழாவினார். அந்த இடத்தில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. இரண்டு பேருக்கும் முழுசு முழுசாக.

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, எறங்கணுமா?" என்று பதறிக்கொண்டு முன்னால் வந்தார் விசில்.

"இல்லடா" என்றார் தாலாட்டு. ஒரு பழத்தை எடுத்து மச்சான் கையில் வைத்தார். "உங்க அக்கா கால்சட்டை வெக்கிறத நிறுத்திட்டா."

விசில் பழத்தைப் பார்த்தார், மாமனைப் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் அதை நடுவில் முறித்து, பாதியை நீட்டினார்.